ஊதாப் பேனாவில் வைத்த குறி

செல்வராஜின் கை சாவியின் மேல் இருந்தது. காரின் பானெட் நிமிர்ந்து நின்றதால் முன்பக்கத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

பானெட்டுக்கு அப்பாலிருந்து மெக்கானிக் ராசுவின் குரல் வந்தது. "அடிங்கண்ணா."

சாவியைத் திருப்பி செல்ப் அடிக்கச் சொல்கிறார்.

நான் குடையை ஜன்னலுக்குள் நீட்டி, அதன் வளைந்த பிடியால் செல்வராஜின் மணிக்கட்டைக் கோத்து இழுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை நடுத்தெருவில் செய்யத்தக்க காரியம் அல்ல. ஆனால் வரும் வழியிலேயே எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டேன். ஓரத்து மூடி கழன்று கிடந்தது. பல் வைத்த கறுப்பு பெல்ட்டை அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். அந்த பெல்ட்டை ஏற்றிய பிறகு, சாவியைத் தொடுவதற்கு முன்னால், செய்யவேண்டியவை சில உண்டு. அவற்றில் எதையும் யாரும் செய்த அடையாளம் இல்லை.

சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சார்," என்றார் செல்வராஜ்.

ராசுவிடம் கேட்டேன். "எஞ்சினக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்தீங்களா?"

"அதுக்கு அவசியமில்லீங்க சார். குறி வெச்சுத்தான் கழட்டுனேன்."

"குறி எங்கீங்க?"

பெல்ட் ஏறியிருந்த பற்சக்கரத்தை ராசு குனிந்து பார்த்தார். துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அண்ணன் காலைல பெட்ரோல் போட்டுத் தொடச்சுப்போட்டாருங்க. அதனால என்னுங்க? என்ற கண்ணுலயே நிக்குது."

கண்ணில் நிற்கும் குறியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வண்டியும் இருமலும்

இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு கோடைக்காலம். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் தெருவில் பாதி வீடுகள், பாதி பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள். மற்ற நாட்களில் மெஷின் சத்தத்தில் பேசுவதற்கே தொண்டை கிழியும். ஞாயிறு மட்டும் எதிர்வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்கும்.

செல்வராஜ் நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சாமியப்பனின் கம்பெனியில் நிட்டிங் ஆபரேட்டராக இருந்தார். வட்ட மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், பஞ்சு படிந்தால் ஊத வேண்டும். அந்தப் பஞ்சு அவர் மூச்சுக்குழாயில் போய்ப் படிந்தது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பஞ்சு பறக்கிற இடத்தில் இனி நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் பஞ்சு பறக்காத இடம் எது என்பதை அவர் சொல்லவில்லை.

செல்வராஜ் கண்டுபிடித்தார். காருக்குள். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அந்த ஞாயிறுக்கு மறுநாள் விடியற்காலையில் கோவை ஏர்போர்ட்டில் இறங்கும், பனியன் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரை அவர் அழைத்து வரவேண்டும். அது ஒழுங்காக நடந்தால் வண்டியைக் கம்பெனிக்கே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக அவருடைய பழைய முதலாளி சாமியப்பன் வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்து எஞ்சினின் மேல்பகுதியில் ஆயில் ஒழுகியது. ஒழுகலைத் தடுக்கும் ரப்பர் சீலை மாற்ற ராசு வந்தார். சீல் இருப்பது கேம்ஷாப்ட்டின் பற்சக்கரத்துக்குப் பின்னால். சக்கரத்தைக் கழற்றினார், மறுநாள் காலையில் மாட்டினார். அங்கேதான் நான் குடையோடு வந்து சேர்ந்தேன்.

ஒற்றைக் கதவு

போன வாரம் இந்தப் பத்தியில் கிளட்ச் பற்றி எழுதியது புரியவில்லை என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. அவற்றின் தலைக்கு மேலே வால்வுகள் என்ற சின்னக் கதவுகள், பிஸ்டன் வருகிற அறைக்குள்ளேயே நீண்டு திறக்கும். கதவுகளைத் திறப்பது மேலே இருக்கும் கேம்ஷாப்ட். பிஸ்டன்களை ஏற்றி இறக்குவது கீழே இருக்கும் கிராங்க்ஷாப்ட். இரண்டையும் கட்டி வைப்பது அந்தப் பல் பெல்ட். கீழ்த்தண்டு இரண்டு சுற்று சுற்றினால் மேல்தண்டு ஒன்று.

ஷிப்ட் மாறும் நேரத்தில் நிட்டிங் கம்பெனியின் ஒற்றைக் கதவைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகிற கூட்டம் வழிவிட்ட பிறகு வெளியே வருகிற கூட்டம் வரவேண்டும். மணி அடிக்கிறவர் கொஞ்சம் பிசகினால் இரண்டும் வாசலில் முட்டிக்கொள்ளும். எஞ்சினுக்குள் முட்டினால் மன்னிப்புக் கேட்டு விலக முடியாது. வால்வு வளையும். சில சமயம் உடைந்து உள்ளே விழுந்து பிஸ்டனையும் தின்னும்.

பல வண்டிகளில் அந்தப் பற்சக்கரம் தண்டின்மேல் ஒரே இடத்தில்தான் உட்காரும். நடுவே ஒரு கட்டை வைத்துப் பூட்டியிருப்பார்கள். ராசு அதுவரை கழற்றியதெல்லாம் அப்படிப்பட்டவை. செல்வராஜின் காரில் கட்டை கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில் மட்டும் நிற்கிற சக்கரம் அது. போல்ட்டைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் சுழலும். கழற்றுமுன் ராசு வைத்த குறி ஒன்றுதான் அதன் பழைய இடத்துக்குச் சாட்சி. அந்தச் சாட்சிதான் இப்போது இல்லை.

ஓடாத எஞ்சின்

பாலிடெக்னிக்கில் நான் டைமிங் பாடம் எடுத்ததெல்லாம் குறுக்கே அறுத்து வைத்த ஒரு எஞ்சினில். உள்ளே போகும் வழிக்கு நீலம், வெளியே வரும் வழிக்குச் சிவப்பு. மாணவர்கள் தப்பாகப் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால் வால்வு பிஸ்டனைத் தொட்டு 'டொக்' என்று நிற்கும். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த எஞ்சின் யாருக்கும் சோறு போடவில்லை, அதனால் நின்றாலும் யார் உலையும் காய்ந்துபோகவில்லை.

ஓடுகிற எஞ்சின் எப்படிப்பட்டது என்பதைக் கொமரலிங்கம் கிராமத்தில் பெரியப்பாவிடம் பார்த்தேன். தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினின் கைப்பிடி ஒருநாள் திருப்பி அடித்து அவர் மணிக்கட்டை உடைத்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைத்துப் பிடித்திருந்தால் கை தப்பியிருக்கும். அவர் எஞ்சினைத்தான் திட்டினார்.

செல்வராஜின் காரில் கட்டைவிரலை அப்படிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் போடச் சொல்லி, கீழ்த்தண்டின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்றினேன். கால் சுற்று போனது. நின்றது.

"கம்ப்ரஷனுங்க," என்றார் ராசு. "டீசல் எஞ்சின். காத்து அடச்சுக்கும். நல்லா அமுத்துங்க."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் அடைபட்ட காற்று மெத்தை மாதிரி. எதிர்க்கும், பிறகு மெல்ல விட்டுக்கொடுக்கும். என் கையில் பட்டது சுவர்.

"ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டுங்க. காத்து வெளிய போகட்டும். அப்பவும் நின்னா என்னன்னு பாத்துக்கலாம்."

சாமியப்பன் வந்தார்

அறைக்கு ஒன்றாக இருந்த பிளக்குகளில் மூன்று வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து மறுத்தது. வலுக்கட்டாயமாகத் திருகினால் பாதியில் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். டீசலை ஊற்றி ஊறவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் சாமியப்பன் ஸ்கூட்டரில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்னுங்க வாத்தியாரே, ஆபரேசன் நடக்குதாட்ட இருக்குது."

"ஆபரேசன் இல்லீங்க. இன்னும் ஸ்கேன்தான்."

"நாளைக்கு விடியற பிளைட்டுல பையர் எறங்கறாருங்க. ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, டிராவல்ஸ்ல ஒரு வண்டி சொல்லிக்கறேன்." கொஞ்சம் யோசித்தார். "இல்லீன்னா ஒண்ணு பண்ணலாமுங்க. நம்ம வேன் சும்மாதான் நிக்குது. கயிறு கட்டி ஒரு இழு இழுத்தம்னா அதுவாப் புடிச்சுக்கும்."

டீக்கடையிலிருந்து எழுந்து வந்த நாலைந்து பேர் அதற்குள் பின்னால் கை வைத்துத் தள்ளவும் தயாராகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஆண்களுக்கு வேலை கிடைப்பது அபூர்வம்.

"இழுக்க முடியாதுங்க. ஸ்டியரிங் பூட்டியிருக்குது."

"சாவி?"

"என்கிட்டத்தான் இருக்குது."

சாமியப்பன் என் சட்டைப் பையைப் பார்த்தார். வயதுக்கு மரியாதை கொடுக்கும் மனிதர். பார்வையைச் செல்வராஜ் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் வெசனப்படாத கண்ணு. வண்டி போனாப் போகுது. மூணாம் நம்பர் மெஷின் காலியாத்தான் கெடக்குது. எப்ப வேணா வந்து நின்னுக்கலாம்."

மனதார, அன்பாகத்தான் சொன்னார். செல்வராஜ் "சரிங்க மொதலாளி" என்றார். பிறகு இருமல் வந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை நின்றார். தள்ள வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

நாலாவது பிளக் உடையாமல் வந்தது. மறுபடி ஸ்பேனரைப் பிடித்தேன். இப்போது காற்று இல்லை. கால் சுற்று போய், அதே இடத்தில் அதே சுவர்.

ராசு ஸ்பேனரை என்னிடமிருந்து வாங்கித் தானே சுற்றிப் பார்த்தார். நின்றது. இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஜெயாவின் பேனா

செல்வராஜின் மனைவி ஜெயா அப்போதுதான் கோயில் ஆராதனை முடிந்து வந்தார். துணியுறை போட்ட பைபிள் கையில் இருந்தது. பேட்டரியின் மேல் கிடந்த ஊதா நிறப் பேனாவைப் பார்த்ததும் நின்றார்.

"இது எங்க செக்ஷன் பேனால்லா. யாரு எடுத்தா?"

"நான்தான் ஒன் பையிலேர்ந்து எடுத்தேன்," என்றார் செல்வராஜ். "ராசு அண்ணன் நேத்து குறி வைக்கக் கேட்டாவ."

"எதுல குறி?"

ராசு பற்சக்கரத்தைக் காட்டினார்.

ஜெயா எம்பிராய்டரி யூனிட்டில் மார்க்கிங் வேலை செய்பவர். பனியனில் லோகோ எங்கே வரவேண்டுமோ அங்கே புள்ளி வைக்க வேண்டும். "அது நிக்காதே," என்றார். "ஒரு ராத்திரி போனா தானா மறைஞ்சிரும். தைச்ச பெறவு துணியில கறை இருக்கப்பிடாதுன்னுதான் இத வச்சிருக்காவ."

ராசு பற்சக்கரத்தை மறுபடியும் தடவிப் பார்த்தார். "நாலு எடத்துல வெச்சனுங்க," என்றார் ராசு கடைசியில். "நல்லா அழுத்தித்தான் வெச்சனுங்க."

நாலு இடத்திலும் ஏற்றுமதித் தரத்தில் மறைந்திருந்தது. பாவம், பெட்ரோல் போட்டுத் துடைத்த செல்வராஜ் மேல் காலையிலிருந்து பழி.

செல்வராஜ் அந்தப் பழி நீங்கியதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "சார், நீங்க வாரதுக்கு முன்னாடி ஒருக்கா அடிச்சிட்டேன். டக்குனு ஒரு சத்தம். ஒடனே விட்டுட்டேன்."

கையால் சுற்றும்போது முட்டினால் வால்வுக்கு ஒன்றும் ஆகாது. செல்ப் மோட்டார் வேகத்தில் முட்டினால் வளையலாம், வளையாமலும் போகலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

"ஒருக்காதானே?"

"ஒருக்காதான் சார்."

ஃபிட்டரின் இலைகள்

இந்த எஞ்சினுக்குக் குறியே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. கேம்ஷாப்ட்டின் பின்முனையில் ஒரு நேர்வெட்டுப் பள்ளம் இருக்கிறது. முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் அந்தப் பள்ளம் எஞ்சின் தலையின் விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். பள்ளத்தில் ஒரு தட்டையான எஃகுப் பட்டையைச் செருகி, இரண்டு பக்கமும் விளிம்புக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்து சமமாக்கினால் மேல்தண்டு அதன் இடத்துக்கு வந்துவிடும். சக்கரத்தைத் தளர்வாக விட்டு பெல்ட்டை ஏற்றிவிட்டு, பிறகு இறுக்கினால் போதும். தயாரித்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

அளப்பதற்கு ஃபீலர் வேண்டும். பல கனங்களில் மெல்லிய எஃகு இலைகளைக் கொத்தாகக் கோத்த கருவி. ராசுவிடம் இருந்ததில் பாதி இலைகள் முறிந்திருந்தன.

சாமியப்பனிடம் கேட்டேன். "உங்க ஃபிட்டர் நிட்டிங் மெஷின் டயலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கேப் பாப்பாரில்லீங்களா, அந்த இலை?"

"கம்பெனி பூட்டிக் கெடக்குதுங்க."

"சாவி உங்ககிட்டத்தானே இருக்கும்?"

அன்றைக்கு எல்லோருடைய சாவியும் என் கண்ணில் பட்டது. சாமியப்பன் ஸ்கூட்டரைத் திருப்பினார். வரும்போது டூல் பாக்ஸையே முன்னால் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். "பாத்துங்க. ஒரு இலை கொறஞ்சாலும் ஃபிட்டர் என்னையத் திட்டுவான். மொதலாளின்னெல்லாம் பாக்க மாட்டான்."

பள்ளத்துக்குப் பொருந்தும் பட்டையும் அந்தப் பெட்டியிலேயே கிடைத்தது. முதலில் பிஸ்டன்கள் எல்லாம் பாதி வழியில் நிற்கும்படி கீழ்த்தண்டைப் பின்னோக்கித் திருப்பினோம். அப்போதுதான் மேல்தண்டைச் சுற்றும்போது எதுவும் முட்டாது. பெல்ட்டைக் கழற்றினோம். மேல்தண்டைத் திருப்பிப் பட்டையைச் செருகினேன். ஒரு பக்கம் இலை நுழைந்தது, மறுபக்கம் அதே இலை நுழையவில்லை. மயிரிழை திருப்பினேன். இப்போது மாறி நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரே இலை ஒரே இறுக்கத்தில் உரசி நுழைகிற வரைக்கும் ராசு தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டைப் பிடித்திருந்தார். கீழ்த்தண்டுக்கும் டீசல் பம்புக்கும் தயாரித்தவர்களே பொறித்த குறிகள் பத்திரமாக இருந்தன. இரண்டையும் அவற்றுக்கு நேராகத் திருப்பி, பெல்ட் ஏற்றி, இறுக்கி, பட்டையை உருவினோம்.

"சுத்துங்க," என்றேன் ராசுவிடம். "நின்னா அமுத்தாதீங்க."

கால் சுற்றைத் தாண்டியது. அரை. முழுச் சுற்று. ஜெயா பைபிளை நெஞ்சோடு பிடித்திருந்தார். இரண்டாவது சுற்றும் போனது. பட்டையைத் திரும்பச் செருகி அளந்தேன். அதே இலை, இரண்டு பக்கமும்.

ராசு நிமிர்ந்து வேர்வையைத் துடைத்தார். மற்றவர்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தார்கள். நான் பிளக்குகளைத் திரும்ப மாட்டச் சொல்லி மறுபடியும் கையால் சுற்றினேன், ஒவ்வொரு அறையும் காற்றை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க. வளைந்த வால்வு காற்றை ஒழுகவிடும். ஒன்று மெத்தை. இரண்டு மெத்தை. மூன்றாவது கொஞ்சம் சோம்பலாக இருந்ததா, என் கைதான் களைத்திருந்ததா? நாலாவது மெத்தை. மூன்றாவதைத் திரும்பப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

சாவியைச் செல்வராஜிடம் கொடுத்தேன். இரண்டு செல்ப் அடியில் திணறி, மூன்றாவதில் ஒரு குடம் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தெரு சிரித்தது. நான் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, கேட்க ஆளில்லாத வகுப்பறையில் எத்தனையோ முறை பேசிய பழக்கத்தில், ஒரு வாக்கியம் சொன்னேன்.

"சூடான எஞ்சின நம்பாதீங்க. நாளைக்குக் காலைல ஜில்லுனு இருக்கறப்ப ஒரே அடியில பிடிச்சாத்தான் வால்வு தப்பிச்சதுன்னு அர்த்தம்."

சாமியப்பன் செல்போனை எடுத்தார். "அப்ப டிராவல்ஸ்காரனுக்குச் சொல்லி வெச்சரட்டுங்களா?"

"வேண்டாம் மொதலாளி," என்றார் செல்வராஜ். "நான் வாரேன்."

"வர முடியலீன்னா கண்ணு?"

"வாரேன் மொதலாளி."

காலி இடம்

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. கிளம்பவேண்டிய நேரம் வந்தது. கடந்தும் போனது. ஒரு செல்ப் அடி, ஒரு திணறல், ஏதாவது கேட்கவேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை. முயன்று பார்க்கக்கூடத் தைரியம் வராமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, காரணமில்லாமல் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கார் நின்ற இடத்தில் ஓர் ஆயில் திட்டு மட்டும் இருந்தது.

தெருமுனையிலிருந்து ஜெயா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வண்டி போயிட்டு சார்."

"சத்தமே கேக்கலையேம்மா?"

"ரோடு வரைக்கும் தள்ளிட்டுல்லா போனோம். இங்கன ஸ்டார்ட் ஆகலேன்னா தெருவே பாக்கும்னு அவியளுக்கு ஒரு இது." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரே அடி சார். புடிச்சதும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, திரும்பிக்கூடப் பாக்கல. நேரா போயிட்டாவ."

வாசல்வரை போனவர் திரும்பினார். "சார், வெளிநாட்டு ஆளு ஏறுனதும் ஏசி போடச் சொல்லுவாருல்லா. வண்டி தாங்குமா?"

முறைப்படி அதற்கு அறையின் காற்றழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும், நாலு அறையையும் தனித்தனியாக அளக்க வேண்டும், அளவுகளை ஒப்பிட வேண்டும். அதுவரைக்கும் சரியான பதில், தெரியாது என்பதுதான்.

"தாங்கும்மா," என்றேன்.

வெயில் ஏறிய பிறகு சாமியப்பன் போன் செய்தார். "வந்து சேந்துட்டாங்க வாத்தியாரே. பையரு வழி நெடுக நல்லாத் தூங்கிட்டு வந்தாராம்."

சொன்னபடி வண்டி கம்பெனிக்கே நிரந்தரமானது. ஆனால் அதன் பிறகும் செல்வராஜ் தெருவுக்குள் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததே இல்லை. தினமும் விடியலில் புருஷனும் பெண்டாட்டியுமாக ரோடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெயாவுக்கு முதல் ஷிப்ட் இருக்கும் நாட்களில் நான் குடையைக் கையில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினேன். இதற்கெல்லாம் அவசியமில்லை என்று ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. அந்த மூன்றாவது அறையைப் பற்றி எனக்கே உறுதியாகத் தெரியாது.